ஒன்பது மைல் காற்று

நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள்.
பெயரை மறைத்துத்தான் தருவார்கள்,
வயதையும் ஊரையும்கூட.
மிஞ்சுவது ஓர் எண்,
கேள்விக்கு முந்நூறு சொல்லுக்குள் ஒரு வாழ்க்கை.

மாலேக் துறைமுகம். மீன் ஏலக்கூடத்துக்கு மேலே
ஹீட்டர் முனகும் அறை.
டோர்க்வில் பெய்ன் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி
மதிப்பெண் போடுகிறார்.
தீவுகளின் படகு வாரியத்தில் இரண்டு இடம் காலி,
மாதத்துக்கு இரண்டு நாள் வேலை,
பயணப்படி தனி.

எல்லோரும் தலைமை தாங்கியிருக்கிறார்கள்.
எல்லோரும் மாற்றத்தை முன்னெடுத்திருக்கிறார்கள்.
பதினாறாம் எண் ஒன்பது முறை
பங்குதாரர்களை ஒருங்கிணைத்திருக்கிறது.
அது யாரென்று எனக்குத் தெரியும்;
பெயரை மறைத்தாலும்
சில வாக்கியங்கள் டை கட்டிக்கொண்டு வருகின்றன.

பிறகு இருபத்தேழு.

தரவுகளை ஆராய்ந்த அனுபவம் ஒன்றை விவரிக்கவும்.
"பதினோரு வருடமாக
ஓடாத படகுகளை எழுதி வைக்கிறேன்.
கம்பெனி சொன்ன காரணம் ஒரு பத்தியில்.
என் கூரைமேல் இருக்கும் காற்றுமானி சொன்னது
பக்கத்துப் பத்தியில்.
முந்நூற்றுப் பன்னிரண்டு நாள் 'வானிலை' என்றார்கள்.
அதில் தொண்ணூற்றெட்டு நாள்
நான் வெளியே துணி உலர்த்தியிருக்கிறேன்."

நிதி மேற்பார்வை.
"ஊர்க்கூடத்து ஹீட்டரில் காசு போடும் பெட்டி.
சாவி என்னிடம்.
ஒரு பவுண்டும் குறைந்ததில்லை.
ஒரு முறை கூடியது. அதையும் எழுதியிருக்கிறேன்."

மாறுபட்ட கருத்தை ஆக்கபூர்வமாக முன்வைத்த தருணம்.
"மேலாளர் கூட்டத்துக்கு வந்தார்.
நோட்டைக் கையில் கொடுத்தேன்.
ஒரு மணி நேரம் படித்தார், தேநீர் ஆறிப்போனது.
வேறு போட்டுக் கொடுத்தேன்."

மீதிக் கட்டம் வெறும் வெள்ளை.

"விளைவு எங்கே?" என்றார் டோர்க்வில்.
"குழுவாகச் செயல்பட்டதற்குச் சான்று? இரண்டு போடலாம்."
நானும் இரண்டுதான் போட்டேன்.
மறைத்து என்ன ஆகப்போகிறது.
நாலுக்கு இரண்டு: ஓரளவு சான்று உண்டு.
மோர்வென் மட்டும் மூன்று போட்டாள்.
அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு
இருபத்தேழு நேர்காணல் பட்டியலுக்குள் ஏறியது,
கடைசி ஆளாக.

பெயர் அப்புறம்தான் வந்தது:
ஓய்ரிக் மெக்வாரிஷ்.
எலன் ரோன் தீவு. பள்ளிச் சமையற்கூடம்.

வியாழக்கிழமை பதினொன்றேகாலுக்கு அவள் முறை.
பதினாறாம் எண் காரில் வந்து, நன்றாகப் பேசி,
எங்கள் மூவர் கையையும் குலுக்கிவிட்டுப் போயிருந்தார்.
பதினொன்று இருபது. நாற்காலி காலி.
பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது.

"காலைப் படகு இல்லை. வானிலையாம்.
இங்கே காற்று மணிக்கு ஒன்பது மைல்,"
என்றது குரல். "எழுதிக்கொண்டேன்."
புகார் இல்லை அதில்.
சரக்கறையில் எவ்வளவு உப்பு மீதி என்று
சொல்வது போல.

எல்லோருக்கும் ஒரே சூழல் அமைய வேண்டும் என்று
விதி இருக்கிறது.
டோர்க்வில் அந்தப் பக்கத்தைத் தேடத் தொடங்கினார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
துறைமுக அலுவலகக் கொடி
பாதி எழுந்து, யோசித்து,
கம்பத்திலேயே சாய்ந்துகொண்டது.
கீழே படகு கட்டிக் கிடந்தது,
ஏறும் பாலத்தில் ஒரு கடற்காகம்,
அதற்கும் அவசரமில்லை.

"ஹலோ? இருக்கிறீர்களா?"

"இருக்கிறோம்," என்றேன்,
டோர்க்வில் இன்னும் பொருளடக்கத்தில்தான் இருந்தார்.
"முதல் கேள்வி.
இந்த வாரியத்துக்கு நீங்கள் என்ன கொண்டு வருவீர்கள்?"

கொஞ்சம் மௌனம்.
தாள் புரளும் சத்தம்.

"எந்த வருஷத்திலிருந்து வேண்டும்?"