ஏழாம் நம்பர் இரும்பு

சிறுபோகம் வெட்டி முடிந்த வட்டை.
அரிதாள் காலைக் குத்துகிறது.
கச்சான் காற்று காது மடலைச் சுடுகிறது.
ஒரு துண்டு பச்சைக் கார்ப்பெட்டை விரித்து
நடுவில் பந்தை வைக்கிறேன்.

பதினொன்று கொண்டுவந்தேன் தோகாவிலிருந்து.
மிச்சம் ஏழு.
இரண்டு வாய்க்காலுக்குள்.
ஒன்றைக் கோபாலபிள்ளையின் எருமை
மிதித்துப் புதைத்துவிட்டது.
மற்றதைப் பற்றிக் கேளாதீர்கள்,
வாசிகசாலை ஓட்டுக்கு இன்னும்
காசு கொடுத்து முடியவில்லை.

மகிழடித்தீவில் இந்த விளையாட்டுக்குப் பெயரில்லை.
“புவனத்திட புருசன் பாம்படிக்கார்” என்கிறார்கள்.

அங்கே ஒன்பது வருசம்,
ஒரு பந்தும் நான் அடித்ததில்லை.
இரவில் வெளிச்சம் போட்ட மைதானம்.
வரிசையாய் இருபது பேர் நின்று அடிப்பார்கள்.
நான் பின்னால் நின்று
கூடையில் பந்து நிரப்பிக் கொடுப்பவன்.
பார்ப்பதற்கு முதுகுகள்தான் இருந்தன.
ஆகவே கேட்டேன்,
மூச்சை.

இழுத்ததை உச்சியில் பூட்டி வைப்பவனுக்குப்
பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும்.
அவசரப்பட்டு முன்னமே விட்டுவிடுபவன்
மண்ணைக் கிண்டுவான்.
சோ என்று ஒரு கொரியாக்காரர், எஞ்சினியர்,
சூடான தேத்தண்ணியை ஊதுகிற மாதிரி
தடி இறங்க இறங்க
மெல்ல, நீளமாய் விடுவார்.
அவர் அடித்த பந்தை
நான் நிமிர்ந்து பார்த்ததேயில்லை.
பார்க்க என்ன இருக்கிறது, நேரே போயிருக்கும்.
வேலை முடிந்து ஊருக்குப் போன அன்று
பழைய செவன் அயர்ன் ஒன்றை
என் கூடைக்குள் செருகிவிட்டுப் போனார்.
ஒன்றும் சொல்லவில்லை.

கேட்கத் தெரிந்தவனுக்கு
விடத் தெரியவில்லை.

இரவில் பாயில் படுத்து எண்ணிப் பழகினேன்.
நாலுக்கு எடுத்து, ஆறுக்கு விட்டு.
புவனம் திடுக்கிட்டு எழும்பி
நெஞ்சில் காது வைத்துப் பார்த்தாள்,
ஏதும் வருத்தமோ என்று.

பாயில் சரியாய் வருவது வட்டையில் வருவதில்லை.
மூக்கால் எடுக்கிறேன்.
வயிறு எழும்பிச் சாரக்கட்டு இறுகுகிறது.
தோள் திரும்பத் தடி மேலே போகிறது.
அந்த உச்சியில்,
முன்னுக்கும் இல்லாமல் பின்னுக்கும் இல்லாமல்
தடி நிற்கிற ஒரு கண்ணிமைப்பில்
நெஞ்சு தன்பாட்டில் பூட்டிக்கொள்கிறது.

எனக்குத் தெரியும் இந்தப் பூட்டை.

மண்முனைத் துறையில் பாலம் வரமுன்னம்
பாதையில் ஏற நிற்கும் வரிசை.
அடையாள அட்டையை வாங்கிய கை
அதை ஒருதரம் முன்பக்கம்
ஒருதரம் பின்பக்கம் திருப்பும்.
பிறகு என் முகத்தைப் பார்க்கும்.
அட்டை திரும்ப என் கைக்கு வரும்வரை
எடுத்த மூச்சு எடுத்தபடி.
பத்தொன்பது வயதில் பழகியது.
அப்போது அது நல்ல பழக்கம்.
வரிசையில் எல்லாரும்
அதில் கெட்டிக்காரர்களாய் இருந்தோம்.

இன்றைக்கும் முதல் பந்து வலப்பக்கம் வளைந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவது கொக்குக் கூட்டத்தைக் கிளப்பியது.

புவனம் பிளாஸ்கோடு வந்து
வரம்பில் குந்தினாள்.
“இன்னும் எத்தின கிடக்கு?”
“நாலு.”
“கெதியா அடிச்சு முடிங்க, மழைக்குணமா இருக்கு.”
மழைக்குணம் ஒன்றும் இல்லை.

எண்ண மறந்துபோனேன்.
தடி மேலே போனது,
நெஞ்சு பூட்டப் பார்த்தது,
பின்னால் அவள்
கோப்பையை வாயருகே பிடித்து ஊதினாள்.
கேட்டுப் பழகிய காது எனக்கு.
காது கேட்டதை வாய் செய்தது.
தடி இறங்கியது.
சத்தம், கிணற்றில் வாளி தொட்ட மாதிரி,
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
கையில் ஒரு அதிர்வும் இல்லை.

நிமிர்ந்து பார்க்கவில்லை நான், பழக்க தோசம்.
“எங்க போன?” என்றேன்.
“நான் எங்க கண்ட? தேத்தண்ணிக்குள்ள எறும்பு.”

ஆளுக்கொரு கம்போடு
அரிதாளைக் கிளறிக்கொண்டு நடக்கிறோம்.
“நேரேதான் போயிருக்கும்” என்கிறேன்.
அவள் நின்று
நாலு பக்கமும் கிடக்கிற வட்டையைப் பார்த்துவிட்டு,
“நேரே எண்டா
எந்தப் பக்கம்?” என்கிறாள்.