மீதி

தார்த்துவில் பனி கொட்டும் இரவு, மூன்றே முக்கால்.
லீவிகாவின் கைபேசி மேசைமேல் தவளையாய்த் துள்ளியது:
திறந்த கோப்புகள் அளவுக்கு மேல்.

பால்டிக் கடலில் எங்கெங்கே பனிப்பாளம் என்று
செயற்கைக்கோள் எடுக்கும் படம் ஒவ்வொன்றும் நானூறு மெகாபைட்.
அவளுக்கு வேண்டியதோ தலையில் எழுதிய தேதி மட்டும்,
முதல் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்.
கிள்ளிப் பார்த்தாள். பழசு.
அடுத்ததற்குப் போனாள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்,
சரிதான்.
அடுப்பை யார் அணைப்பது என்று
பழமொழி சொல்லவில்லை.

கம்பியின் அந்த முனையில்
கரண்டியை ஏந்தியபடி நிற்கிறது ஒரு சர்வர்.
இன்னும் இருக்கிறது, வாங்கிக்கொள்.
வாங்கவும் ஆளில்லை,
போதும் என்று சொல்லவும் ஆளில்லை.

இப்படி ஆயிரத்து இருபத்து நான்கு கதவுகள்
ஒருக்களித்துக் கிடந்தன.
அடுத்ததாய் வந்து தட்டியவர் ஏவல்ட்,
ஹியூமா தீவுக்கு ஐந்தரை மணிப் படகை ஓட்டுபவர்:
வழியில் பனி உண்டா?
பதில் இல்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
டார்ச்சை எடுத்துக்கொண்டு தளத்துக்குப் போனார்.

தார்வோவை எழுப்பினாள்.
'மீதியையும் படித்து முடித்துவிடு,
குழாய் காலியானால் அதிலேயே அடுத்த கேள்வி போகும்'
என்றான், தலையணைக்குள்ளிருந்து.
'கடலைக் குடித்துவிட்டு
டம்ளரை மிச்சம் பிடிக்கச் சொல்கிறாயா?'
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
'ஒரு மிடறு மீதி என்றால் குடி.
கடல் என்றால் மூடு. இணைப்பு அறுந்தால் அறுகிறது,
மறுபடி கைகுலுக்கிக்கொள்ளலாம்.'

'மூடித்தானே இருக்கிறேன்' என்று தேடினாள்.
இருந்தது, மூடும் வரி,
முழுதும் படித்து முடித்த பின் என்ற நிபந்தனைக்குக் கீழே,
தூசு படியாமல்.
அவள் எதையுமே படித்து முடித்ததில்லை.

வரியை வெட்டி மேலே ஒட்டினாள்,
திறக்கும் வரிக்கு அடுத்த வரியாக.
நுழையும்போதே பூட்ஸை
வாசல் பார்த்துத் திருப்பி வைப்பதுபோல.
இனி தேதி கிடைத்தாலும், பிழை வந்தாலும், பாதியில் மனம் மாறினாலும்
கதவைச் சாத்தாமல் போக முடியாது.

எண்ணிக்கை இறங்கியது. எழுநூறு. தொண்ணூறு. ஆறு.
ஏவல்டின் திரையில் வடக்கே ஒரு வெள்ளைக் கோடு.

மடிக்கணினியை மூடியபின்தான் கேட்டது
மேசைமேல் யாரோ மூச்சு விடுவது.
தார்வோ போனை வைக்காமலே தூங்கிவிட்டான்.
லேசான குறட்டை.
சற்று நேரம் கேட்டாள்.
முழுதும் கேட்டு முடிக்கக் கூடியதில்லை அது.
சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.