கூடாரம் காயவைத்தல்

வெள்ளவத்தையில், எங்கள் பிளாட்டின் மேல்தட்டில்
தண்ணீர்த் தாங்கிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே
கூடாரத்தை விரித்து மூலைக்கொரு கல் வைத்தோம்.
மடிப்புக்குள்ளிருந்து கொட்டியது ஒரு பிடி சிவப்பு மண்,
கட்டுநாயக்கவில் யாரும் விசாரிக்காத மண்.

கீழ்வீட்டு ஃபரீனா ஏறி வந்தாள்.
"சிங்கம் கண்டீங்களா?"
கண்டோம். படுத்திருந்தது.
ஒரு காது மட்டும்
இலையானுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்குச் சொல்ல இருந்தது வேறு:
எண்ணூறு கிலோமீற்றர் கிரவல் றோட்டு.
ரயர்க் காற்றை இறக்கு, ஏற்று, மறுபடி இறக்கு.
பல்லிடுக்கில் தூசி, சீனிப் போத்தலுக்குள் தூசி,
பின்சீற்றில் பருப்புப் பை அவிழ்ந்து
நமீபியா முழுக்க
கறகறவென்று எங்களோடு உருண்டது.
ஒட்டகச்சிவிங்கி ஒன்று
மதிலே இல்லாத வெளியில் நின்று
மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தது.

பொட்ஸ்வானாவில் ஒரு சோதனைச்சாவடி.
மாட்டு நோய் தாண்டாதிருக்க வீதிக்குக் குறுக்கே கம்பு.
சீருடைக்காரி கை காட்டினாள்.
வண்டி நிற்க முன்னமே குகநேசன்
அடையாள அட்டையை யன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டான்.
பாஸ்போட் அல்ல. அடையாள அட்டை.
அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து,
"இறைச்சி ஏதும் இருக்கா?" என்றாள்.
பருப்பு என்றேன்.
மருந்தில் நனைந்த சாக்கில்
சப்பாத்தைத் துடைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.

நான்தான் முதலில் சிரித்தேன்.
அவன் நாற்பது கிலோமீற்றர் பேசவில்லை.
பம்பலப்பிட்டியில் பஸ்ஸால் இறக்கி
வரிசையில் விட்ட அவனுடைய இருபத்திரண்டு வயதை
எனக்கு அப்போது தெரியாது.
பிறகும், உண்மையில், பாதிதான் தெரியும்.

சோபே ஆற்றுப் பக்கம் யானைகள் வழியை மறித்தன.
எஞ்சினை நிறுத்தினோம்.
ஒரு மணித்தியாலம்.
கன்றொன்று தன் தும்பிக்கையை
என்ன செய்வதென்று தெரியாமல்
அதையே மிதித்துக்கொண்டு நின்றது.
அவன் ஸ்ரியறிங்கில் தலைவைத்து
யாரும் எங்களை இறங்கச் சொல்லவில்லை என்றான்,
யாரிடமோ.

"யானை எங்கட நாட்டிலயும் இருக்குத்தானே,
அதுக்கு ஏன் அவ்வளவு தூரம்?"
ஃபரீனா கேட்டது நியாயம்தான்.
காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்
எங்களுக்காக ஹோர்ன் அடித்தது.

பதில் தேடுவதற்குள் கடல் பக்கமிருந்து மழை.
கூடாரம் கற்களை உதறிக்கொண்டு எழும்பியது.
ஆளுக்கொரு மூலையைப் பிடித்தோம்,
நாலாவது மூலை எங்கள் முகத்தில் அடித்தது.
சிவப்புத் தண்ணீர் ஒரு கோடாய் நெளிந்து
பீலிக்குள் இறங்கி
கோச்சிப் பாதையைத் தாண்டிப் போயிருக்கும்.

இரவு முளைகளை எண்ணினான்.
பன்னிரண்டுக்குப் பதினொன்று.
விட்ட இடம் தெரியும் என்றான்,
அந்த வளைந்த மரத்தடி,
கழுதைப்புலி சட்டியைத் தூக்கிக்கொண்டு போன இரவு.

இன்னும் மண்ணுக்குள் நிற்கும்.
ஏதோவொரு குளம்பு
அதில் தடக்கி, ஒரு கணம் நின்று,
போயிருக்கும்.