நூற்றைம்பது மீட்டர்

நேற்று மாலை ஆறரைக்கு
டொங்காட் தாண்டி, இரண்டு பக்கமும் கரும்பு,
ஓட்ட ஆளில்லாத ஒரு கார் ஓடியது.
இருக்கையில் நான்தான் இருந்தேன்.
கை ஸ்டீயரிங்கில்,
கண் மடியில்.

கல்யாண வீட்டுக் குழுவில் ஒரு கேள்வி:
மெரூனா, மாந்தளிர் நிறமா?
முப்பத்தொரு பேர் பதில் போட்டாயிற்று.
நான் ஒரு கட்டைவிரலைத் தேடி எடுத்து
அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன்.
சாலை இருந்த இடத்திலேயே இருந்தது.
ஒன்றும் ஆகவில்லை.

தூங்கவிடாமல் செய்தது அதுதான்.
ஒன்றும் ஆகவில்லை.

ஆறு வினாடி இருக்கும்.
தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தேன்.
போர்வைக்குள் அதே போனில் கணக்குப் போட்டேன்:
நூற்றைம்பது மீட்டர்.

இன்று சனிக்கிழமை.
காரைப் பெட்ரோல் நிலையத்தில் விட்டுவிட்டு
நடந்து வந்தேன்.
பாலம் நினைவிருக்கிறது.
ஆலை லாரி திரும்பும் என்ற மஞ்சள் பலகை நினைவிருக்கிறது.
நடுவில் உள்ளதுதான் என்னிடம் இல்லை.

பாலத்தின் முனையிலிருந்து அடி அடியாக எண்ணினேன்.
ஒரு ரப்பர் செருப்பு, இடது கால்.
எண்பது என்று எழுதிய வட்டப் பலகை
(இங்கே இப்படி ஒன்று இருப்பதே தெரியாது).
எரித்த கரும்பின் கரி, காற்றில் வந்து
மணிக்கட்டில் உட்கார்ந்து, தொட்டதும் பொடியானது.
வயிற்றில் குட்டி தொங்க ஒரு குரங்கு
சாலையோரம் நின்று
இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது,
பிறகுதான் கடந்தது. சத்தியமாக.
எழுபத்தாறோ, எழுபத்தேழோ,
பையில் போன் அதிர்ந்தது.
கை போய்விட்டது.
பாதி வழியில் பிடித்து நிறுத்தினேன்,
எண்ணிக்கை தவறிவிட்டது.

கவிழ்த்த பீர் பெட்டிமேல் லிச்சி,
மேலே ஏதோ வங்கியின் குடை,
கீழே ஒரு பெண்.
அவளிடமிருந்து பத்தடியில்
ஐந்து வயதிருக்கும் ஒரு பையன்
கம்பியில் வளைத்த காரை உருட்டிக்கொண்டிருந்தான்.
சக்கரங்கள் சோடா மூடி.
நாக்கைக் கடித்துக்கொண்டு,
சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

வெள்ளைக் கோட்டுக்கு வெளியே
சரளை முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில்
அவன் கார் போன தடங்கள்,
நூல் நூலாக, நேற்றையதும் இன்றையதுமாக.
அவற்றின் மேல்
ஒரு பெரிய டயரின் தடம்
ஏறி, கொஞ்ச தூரம் ஓடி,
மறுபடி தார்ச்சாலைக்கு இறங்கியிருந்தது.

என்னுடையது என்று சொல்ல முடியாது.
இல்லை என்றும் சொல்ல முடியாது.

'சாவுபோனா' என்றாள் அந்தப் பெண்.
ஜூலு வணக்கம். உன்னைப் பார்க்கிறோம் என்று பொருள்.
பள்ளிக்கூடத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது.
ஆனால் இன்று என் காது,
கோயில் வகுப்பில் அரைகுறையாகக் கற்ற தமிழோடு,
அதை இரண்டாக உடைத்தது:
சாவு. போனா.
போனால் என்ன?
மீதி வாக்கியத்துக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

'யேபோ' என்றேன் கடைசியில்.
இரண்டு பொட்டலம் வாங்கினேன், நாற்பது ராண்ட்.
'நடந்தா வந்தாய், காரில்லையா?'
'இருக்கிறது.'
அவள் சிரித்தாள்.
நேற்று ஆறரைக்கு அவன் எங்கே இருந்தான் என்று
கேட்க வாயெடுத்தேன்,
கேட்கவில்லை.
நேற்று அவள் பார்த்திருந்தால்
பார்த்தது காரைத்தான்,
என் முகத்தை அல்ல.
குனிந்திருந்த என் தலையில்
வகிடு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

திரும்பிப் போய்க் காரை எடுத்து
அதே வழியில் மறுபடி வந்தேன்.
டிக்கிக்குள், லிச்சிக்குப் பக்கத்தில்,
போன் அதிர்ந்து அதிர்ந்து வந்தது.
மெரூன்தான் முடிவாகியிருக்கும்.

குடை வந்தது. அவள் கை உயர்த்தினாள்.
பையன் நிமிரவில்லை.
அவன் ஓட்டிக்கொண்டிருந்தான்.