உருட்டு

மவுஸுக்கு மேசையில் ஒரு முழம் வேண்டும்.
இதற்கு இருக்கிற இடம் போதும்.
நூல் ஷேடு கார்டுக்கும்
ஆறிப்போன டீ டம்ளருக்கும் நடுவே
உட்கார்ந்தது உட்கார்ந்தபடி.
பெருநெல்லிக்காய்ப் பருமனில்
ஒரு நீலக் குண்டு,
அதன்மேல் என் கட்டைவிரல்.
வேறெதுவும் நகர்வதில்லை.

பதினோரு வருசம் பஞ்சிங்.
ஒரு மயிலுக்கு நாற்பதாயிரம் தையல்.
எங்கே திரும்புவது என்று ஊசிக்குச் சொல்ல
வளைவுக்கு வளைவு ஒரு சொடுக்கு.
மயில்கள் எல்லாம் கப்பலேறிப் போயின.
வலி மட்டும் மணிக்கட்டில் இறங்கிக்கொண்டது.
அவிநாசி ரோட்டு டாக்டர்
கைக்கு ஓய்வு கொடுங்க என்றார்.
சம்பளச் சீட்டில் அதற்கொரு கட்டம் கிடையாது.
ஏலச்சீட்டுப் பணத்தில்
மூவாயிரத்து நானூறு எடுத்து
இதை வாங்கினேன்.
செக்கிங் பாவாயக்கா எட்டிப் பார்த்து,
"பாப்பா வெளையாடறதுக்குங்களா கண்ணு?"

முதல் வாரம்
விரலை எறும்பளவு அசைத்தால்
அம்பு ஊத்துக்குளிக்கே போய்விடும்.
இழுத்தால் பல்லடம் தாண்டிவிடும்.
ஒரு குருவியின் அலகை
அதன் இறக்கையிலேயே வைத்துத் தைத்தேன்.
ஒரு கரடிக்கு மூன்று கண்.
பழைய மவுஸ் டிராயருக்குள் இருந்தது,
பூட்டாமல்.

பத்தாம் நாளோ பதினொன்றோ
பாவாயக்காவோடு ஏதோ பேசிக்கொண்டே
திரும்பிப் பார்க்கிறேன்,
கிளியின் மூக்கைப் பாதிக்குமேல் வளைத்திருந்தது விரல்,
என்னைக் கேட்காமல்.

அன்றிலிருந்து என் நாற்காலி என்னுடையது.
மத்தியானம் சீட்டாட வந்த கட்டிங் மாஸ்டர்
அம்பைத் தொலைத்துவிட்டு எழுந்து போனார்.
முதலாளி சென்னியப்பண்ணன்
கிளியைச் சித்தெ பெருசு பண்ணோணும் என்று
தானே உட்கார்ந்தார்.
முழு உள்ளங்கையால் பிடித்துத் தள்ளினார்.
மேசை விளிம்புவரை தள்ளினார்.
கிளி கிடந்த இடத்தில் கிடந்தது.
"தள்ளாதீங்கண்ணா, உருட்டோணும்."
"நாளெல்லாம் அதத்தானம்மிணி பண்றேன்."
சிரித்து முடிக்குமுன் போன்.
"வெசாழக்கெழமை பொட்டி கெளம்பீருங்க,
எல்லாம் தயாருங்க."
எந்தப் பெட்டி?
கிளிக்கு இன்னும் வாலே வைக்கவில்லை.
குண்டை என் பக்கம் இழுத்து
வாலைத் தொடங்கினேன்.

சனிக்கிழமைகளில்
அடித்துளையில் பென்சிலை விட்டு அழுத்துவேன்.
குண்டு உள்ளங்கையில் விழும்.
அது இருந்த குழியில் கடுகுபோல் மூன்று மணிகள்,
மணிகளைச் சுற்றிப் பஞ்சு.
இந்த வாரம் சிவப்பு.
போன வாரம் கடல்நீலம்.
ஆர்டர் நின்ற அந்த ஐப்பசி வாரம்
வெறும் மணிகள்.
சிட்டிகையில் எடுத்து ஊதிவிடுவேன்.

அப்படியொரு சனியன்று கைதவறிற்று.
இருபது தலை மிஷினுக்கு அடியில்
ஓடிற்று ஒரு ஓட்டம்.
வியாழன் போய் வெள்ளியும் போய்
சாம்பிள் அன்றைக்கு ராத்திரி கிளம்பியாக வேண்டும்.
ஒடிசாப் பையன் குனா பெஹரா
போன் வெளிச்சத்தோடு தரையில் படுத்தான்.
முதலில் ஒரு பாபின் வந்தது.
அப்புறம் யாரோ தேடி அழுத ஒற்றைக் கம்மல்.
மூன்றாவதாகத்தான் குண்டு,
எண்ணெயில் நூல் சுற்றி
ஏதோ பூச்சி மாதிரி.
பனியனில் துடைத்து
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.
"இதிலயா அக்கா கிளி?"
"இதுலதான்."
உட்காரவைத்து உருட்டச் சொன்னேன்.
அம்பு வடகிழக்கு மூலைக்குப் பாய்ந்து
முட்டிக்கொண்டு நின்றது.
"என் ஊர்" என்றான்.
ரெண்டு பேரும் சிரித்தோம்,
மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மணிக்கட்டு இப்போது வலிப்பதில்லை.
வேலம்பாளையம் பஸ்ஸில்
டிக்கெட்டின் மேல் கட்டைவிரல்
தன்பாட்டுக்கு ஆடுகிறது.
நேற்றிலிருந்து அதன் அடிமூட்டில்
ஊசிமுனை அளவுக்கு ஒரு உறுத்தல்.
பாவாயக்காவிடம் சொல்லவில்லை.
உள்ளறையில் யாருக்கோ
வியாழக்கிழமை போய்க்கொண்டிருக்கிறது.
இடது கையை எடுத்து
மேசைமேல் வைத்துப் பார்க்கிறேன்.