ஈரத்துணி

ஹெல்வேயின் அறையில் களிமண்ணுக்கு ஓர் ஈரத்துணி உண்டு.
செவ்வாய்க்கிழமை பாதியில் விட்டதை
மூடி வைத்தால் வியாழன்வரை காத்திருக்கும்,
கட்டைவிரல் பதிந்த குழியோடு.
என் அறையில் எதை மூடுவது?
தட்டி முடித்த கையோடு
முரசு வெறும் தோல்.

ஹாப்சாலுவில் கடலும் மருந்து, சேறும் மருந்து.
மருத்துவமனைக் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்தை அடுத்து,
நாங்கள் மூவர்: ஓவியம், நாடகம், இசை.
கழுவ ஒரே தொட்டி.
தானெலின் முகமூடிகள் காயும் கம்பியில்
என் துண்டும் தொங்கும்.

எண்டெல் வந்தது மார்ச்சில், விரிகுடா உறைந்திருந்தபோது.
ஹீயுமா படகில் முப்பத்தோராண்டு என்ஜின் பார்த்தவர்.
மூளையில் வெடித்த ஒரு சின்னக் குழாய்
வலக்கையையும் சொற்களையும் ஒருசேர எடுத்துக்கொண்டது.
மிஞ்சியது ஒரே ஒரு "நொஹ்".
எங்கள் மொழியில் அது ஆமாமும் அல்ல, இல்லையும் அல்ல;
சரி, அப்புறம் என்பதுபோல.

முதலில் ஹெல்வேயிடம்தான் அனுப்பினார்கள்.
இடக்கையில் கரித்துண்டு. ஒரு கறுப்புச் சதுரம்.
மறுவாரமும் சதுரம்.
ஹெல்வே கேள்வி கேட்கமாட்டாள், அவளுக்குத் தெரியும்.
உடனிருந்த பயிற்சி மாணவன் கேட்டுவிட்டான்: இது என்ன?
கரித்துண்டு இரண்டாக முறிந்தது.
தானெல் ஒரு முகமூடியை நீட்டினான்.
"நொஹ்" என்று அதை வாங்கி
அவனுக்கே மாட்டிவிட்டார்.
அந்த மாதம் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு என்னிடம்.
கன்னெலை மீட்டினேன். சன்னலைப் பார்த்தார்.
கல்யாண நாளில் ஆடிய மெட்டென்று மனைவி சொன்னதை வாசித்தேன்.
சன்னலையே பார்த்தார்.
பாட்டு வந்தால் பேச்சு வரும் என்பார்கள்.
சிலருக்கு வரும், கண்ணால் கண்டிருக்கிறேன்.
இவருக்கு வரவில்லை.

ஐந்தாம் வாரம், இடக்கை, பெரிய முரசு:
தட் தட் தட், ஒரு வெற்றிடம், தட்.
தட் தட் தட், வெற்றிடம், தட்.
நானும் சேர்ந்தேன். வெற்றிடத்தில் என் கை இறங்கிவிட்டது.
பழக்கம்; நிரப்பத்தானே படித்தோம்.
மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.
மீண்டும் தட்டினார். மீண்டும் பிசகினேன். மீண்டும் பிடித்தார்.
விழுந்த நாளிலிருந்து
எல்லோரும் அவரைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்:
கரண்டியை இப்படி, காலை இப்படி, உதட்டை இப்படி.
அன்று அவர் ஒருத்தியைத் திருத்தினார்,
நாற்பது நிமிடம், வேர்க்க வேர்க்க.

ஜூன் கூட்டத்தில் ஹெல்வே மேசைமேல் பரப்பினாள்
பதினொரு சதுரங்களை, தேதிவாரியாக.
கறுப்பு எங்கே தளர்கிறதென்று விரல் வைத்துக் காட்டினாள்.
தானெலிடம் புகைப்படங்கள்.
நான் ஒலிப்பதிவைப் போட்டேன்.
யாரோ ஒருவர் முரசடிக்கிறார், அவ்வளவுதான்.
மணிக்கட்டைப் பிடித்தது அதில் பதியவில்லை.
கணக்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
எனக்கு ஹெல்வேமேல் பொறாமை. மறைப்பானேன்.

அவரை அழைத்துப்போக லைனே வந்தாள்.
ஹெல்வே கொடுத்த அட்டை உறையைத்
தாழ்வாரத்திலேயே பிரித்தாள்.
"இது தளத்து மூடி. என்ஜின் அறைக்கு இறங்குவது.
கல்யாணமான வருஷம் ஒருமுறை திறந்து காட்டினார்.
உள்ளே என்ன சூடு!"
மூன்று மாதம் அந்தப் படம் பொறுத்திருந்தது
பார்க்கத் தெரிந்த ஒருத்தி வரும்வரை.

"உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?" என்றாள் என்னிடம்.
அவள் உள்ளங்கையை விரித்துத் தட்டினேன்.
மூன்று. பிறகு ஒன்று.
நன்றி என்றாள், புரியாமல்.
சக்கர நாற்காலியிலிருந்து "நொஹ்" என்றார் அவர்,
வண்டி காத்திருக்கிறதே என்கிற குரலில்.

அக்டோபரில் ஹீயுமாவுக்குப் போனேன், வேறு வேலையாக.
படகு புதிது. பாதத்தில் ஒரே சீரான முனகல்,
எங்கும் தப்பவில்லை.
காப்பிக் கோப்பை விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே வந்தேன்.
விடவேண்டிய இடம் வந்தபோது
விட்டேன்.