பதினொன்றுக்கு ஆறு

கரண்டு பில்லின் முதுகில் வரைந்தேன்.
நீளம் பதினொரு அடி, அகலம் ஆறடி.
வேலிக்கு ஒரு கோடு,
கால்வாய்க்கு இரண்டு கோடு,
நடுவில் என் நாடு.

பீடோரில் தோட்டம் என்று சொன்னால்
யாருக்கும் கத்தரிக்காய் ஞாபகம் வராது.
அது ஒரு நம்பர், ஒரு டிவிஷன்,
குலை ஏற்றிய லோரி புதையும் செம்மண் சாலை,
கோலாலம்பூரில் எங்கோ குளிரும் ஓர் ஆபீஸ்.
"தோட்டம் போடப்போறேன்" என்றதும்
அண்ணன் மகன் கேட்டான்:
"எத்தனை ஏக்கர், அத்தை?"

விடியுமுன் பள்ளி வேன் எடுப்பவள் நான்.
இரண்டு நடை முடிந்து திரும்பினால் மணி எட்டு.
ஒரு வாரம் மண்ணைத் தொடவில்லை,
வெயிலை மட்டும் குறித்தேன்.
பக்கத்து வீட்டு ஆ கியோங்கின் தகரக் கூரை
பத்து மணிவரை என் வெயிலைப் பிடித்து வைத்திருக்கிறது.
பத்துக்குப் பிறகு வருவது வெண்டைக்கு.
பின்மதிய நிழல் பசலைக்கு.
கால்வாய் ஓரம் செராய்,
கொசுவுக்கென்று சொல்லிக்கொள்ளலாம், மீன்கறிக்குத்தான்.
மூலையில் ரோஜா என்று எழுதி,
அடித்து,
அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினேன்.

அந்தப் பில்லை வேனின் முன்கண்ணாடியில் செருகியதுதான் தப்பு.
பிள்ளையை ஏற்றிவிட வந்த காக் ரோக்கியா
"கங்கோங் இல்லையா?" என்று
என் பேனாவையே வாங்கி எழுதினார்.
மூன்றாம் ஆண்டு துர்காஷினி
செராய்க்குள் ஒரு முயல் வரைந்தாள்.
ஆ கியோங் எண்ணெய்க் கையோடு பார்த்தார்,
பாகல் பந்தலுக்கு என் வேலியிலிருந்து
தன் சுவர்வரை கம்பி இழுத்தார்,
காகிதத்தில் முதலில்,
ஞாயிற்றுக்கிழமை நிஜத்தில்.
என்னைக் கேட்கவில்லை.
நானும் வெயிலைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை.

வெண்டை விதை அதிகமாக வாங்கிவிட்டேன்.
மலிவென்றால் கை நீண்டுவிடும் எனக்கு.
பழைய கணக்கு நோட்டைக் கிழித்து
பத்துப் பத்தாய் மடித்து
வேன் நிற்கும் இடமெல்லாம் கொடுத்தேன்.
செம்பனைக் குலை வெட்டும் ஷஃபிக்குல்
தன் சைக்கிளை நிறுத்தி ஒரு பொட்டலம் வாங்கினான்.
வீட்டு வாசலில் பசலையைப் பார்த்தவன்
"பூய்... பூய் ஷாக்" என்றான்.
நான் பசலை என்றேன்.
இருவரும் இலையைப் பார்த்துத் தலையாட்டினோம்.
ஒரு முழக் கொடி வெட்டித் தந்தேன்,
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

தீபாவளி கழிந்த மழையில்
கால்வாய் மூன்று நாள் என் நாட்டில் குடியிருந்தது.
முழங்கால் உயர வெண்டை, பூ விட்டது,
அடித்தண்டு கறுத்து
ஒவ்வொன்றாகச் சாய்ந்தது.
கங்கோங் மட்டும் கொண்டாடியது.
காக் ரோக்கியா பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனுஷி,
ஆனாலும் உதடு சிரித்தது.

நான் படத்தைச் சுருட்டி
சீட்டுக்கடியில் போட்டுவிட்டேன்.

ஒரு மாதம் இருக்கும்.
மேட்டு வீட்டு யஷ்வின் வேனில் ஏறியபோது
கையில் நாளிதழ்ப் பொட்டலம்.
பிஞ்சு எட்டு, முற்றல் நாலு.
"பிஞ்சு கறிக்காம். முத்தினது ஒங்களுக்கே
திருப்பிக் கொடுக்கச் சொன்னாங்க அம்மா."
மறுநாள் திருப்பத்தில் ஷஃபிக்குல் கை காட்டினான்.
அவனிடமும் நாலு முற்றல்,
பசலைக் கொடிக்கு வட்டியோ என்னவோ.

சிவப்பு விளக்கில் ஒரு காயை எடுத்து
காதருகே உலுக்கினேன்.
பின்சீட்டில் யாரோ "என்ன சத்தம்?" என்றார்கள்.

இந்த மாத பில் வந்திருக்கிறது.
தொகை கூடத்தான்.
முதுகு வெள்ளையாக இருக்கிறது.